தொழிற்கல்வி மன்றப் பொறுப்பாசிரியருக்கு ஊதியம்: மதிப்பூதியமா, பணிநாளா, பாடவேளையா?

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் அடுத்த கல்வியாண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தயாராகும்போது, கட்டடம், பேருந்து, மருத்துவக் காப்பீடு ஆகிய பெரிய தலைப்புகளுக்கு நடுவே ஒரு சிறிய வரி தவறாமல் தகராறுக்கு வந்துவிடுகிறது. தொழிற்கல்வி மாணவர் மன்றங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு அந்தப் பணிக்காகத் தனியே ஊதியம் தர வேண்டுமா, தர வேண்டும் என்றால் எந்த வடிவில் என்பதே அந்த வரி. விவசாயத்துக்கு எஃப்.எஃப்.ஏ., கைத்தொழில்களுக்கு ஸ்கில்ஸ்யுஎஸ்ஏ, சந்தைப்படுத்தலுக்கு டெக்கா, வணிகத்துக்கு எஃப்பிஎல்ஏ, மருத்துவப் பணிகளுக்கு ஹோசா, குடும்பவியலுக்கு எஃப்சிசிஎல்ஏ, தொழில்நுட்பத்துக்கு டிஎஸ்ஏ என்று இம்மன்றங்கள் பல. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு டெக்காவும் ஹோசாவும் கல்லூரி விண்ணப்பத்தில் ஏறும் பெயர்களாக நன்கு பழக்கம். ஆனால் பிள்ளையை மாநிலப் போட்டிக்கு அழைத்துப் போகும் ஆசிரியருக்கு அந்த மூன்று நாட்களுக்கு யார், எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்ட பெற்றோர் மிகச் சிலரே இருப்பார்கள்.

மாவட்டங்களின் முன் இருக்கும் வழிகள் ஐந்து. தனி ஊதியமே தராமல் விடலாம். ஒரே அளவு மதிப்பூதியம் தரலாம். அதையே படிநிலைகளாகப் பிரித்துத் தரலாம். ஒப்பந்தத்தின் பணிநாட்களைக் கூட்டலாம். அல்லது பாடவேளை ஒன்றை விடுவித்துக் கொடுக்கலாம். இவற்றை ஒப்பிடும் முன், பணி எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலான மாவட்டங்கள் விளையாட்டுப் பயிற்சியாளருக்கான அட்டவணையை எடுத்து, அதன் கடைசியில் இம்மன்றங்களையும் சேர்த்துவிடுகின்றன. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

கால்பந்து அணி வகுப்புக்கு வெளியே இருப்பது. தொழிற்கல்வி மன்றமோ பாடத்திட்டத்துக்கு உள்ளேயே இருப்பதாக அந்த அமைப்புகளும் மாநிலக் கல்வித் துறைகளும் சொல்கின்றன. விவசாயக் கல்வியில் வகுப்பறையும் ஆய்வகமும் ஒரு வட்டம், மாணவர் தம் வீட்டிலோ பண்ணையிலோ செய்யும் மேற்பார்வையிடப்பட்ட செயல்திட்டம் இன்னொரு வட்டம், எஃப்.எஃப்.ஏ. மூன்றாவது வட்டம் என மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் படத்தை ஒவ்வொரு விவசாய ஆசிரியரும் பயிற்சிக் காலத்திலேயே பார்த்திருப்பார். இதற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டபோது, விவசாய மாணவர் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் மேற்பார்வையின் கீழ் நேரடி விவசாயப் பயிற்சி பெற வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பயிர் கோடை விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே விவசாய ஆசிரியரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே ஆண்டு முழுவதும் நீளும் வழக்கம் பல மாநிலங்களில் வேரூன்றியது. 1928இல் கன்சாஸ் சிட்டியில் எஃப்.எஃப்.ஏ. தொடங்கப்பட்டபோது, அதன் வேலை ஏற்கெனவே இருந்த அந்த நீண்ட ஒப்பந்தத்துக்குள் போய் அமர்ந்துகொண்டது.

மற்ற மன்றங்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1946இல் டெக்கா, 1965இல் பின்னாளில் ஸ்கில்ஸ்யுஎஸ்ஏ எனப் பெயர் மாறிய விக்கா, 1976இல் ஹோசா என்று ஒவ்வொன்றாக வந்தபோது, வணிகவியல் ஆசிரியரும் வெல்டிங் ஆசிரியரும் மருத்துவத் துணைப்பணி ஆசிரியரும் மற்ற ஆசிரியர்களைப் போலவே பத்து மாத ஒப்பந்தத்தில் இருந்தார்கள். அதனால்தான் இன்றும் டெக்சாஸில் பாட ஆசிரியரின் ஒப்பந்தம் குறைந்தது 187 நாட்கள் என்றிருக்க, அதே பள்ளியின் விவசாய ஆசிரியர் 226 நாள் ஒப்பந்தத்தில் இருப்பதும், எதிர் அறையில் ஹோசாவை நடத்துபவர் ஒரு சிறு மதிப்பூதியத்துடன் நின்றுவிடுவதும் வியப்பாகத் தெரிவதில்லை.

இப்போது முதல் வழி. “மன்றம் பாடத்தின் பகுதி, பாடம் நடத்தத்தான் சம்பளம் தருகிறோமே” என்பது நிர்வாகத்தின் வாதம். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பாடத்தின் பகுதி என்றால் அது பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும், அல்லது பள்ளி நேரம் அதற்கேற்ப நீள வேண்டும். இரண்டையும் செய்யாமல் வாதத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதற்குச் சட்டமும் ஓரளவு இடம் கொடுக்கிறது. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரங்கள் சட்டத்தின் விதிகளில், கற்பித்தலை முதன்மைக் கடமையாகக் கொண்ட ஆசிரியர்கள் மிகைநேர ஊதியத்துக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் விலக்கானவர்கள். இரவு பதினொரு மணிக்கு விடுதித் தாழ்வாரத்தில் நின்று, மாணவர் இரவில் வெளியே போகவில்லை என்று அறிய அறைக் கதவுகளின் மேல் ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டி, காலையில் அது அறுபடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஆசிரியருக்கு அந்த நேரத்துக்கு உரிய கூலி கேட்க மத்தியச் சட்டத்தில் வழியில்லை. எல்லா மாநிலங்களிலும் நிலைமை அப்படியே இல்லை. ஓஹையோவில் கூடுதல் கடமை செய்யும் ஆசிரியருக்குத் தனியான துணை ஒப்பந்தம் எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். வாஷிங்டன் மாநிலத்தில், ஒப்பந்தத்தில் சொல்லாத வேலையைத் துணை ஒப்பந்தம் இல்லாமல் ஆசிரியர் மேல் சுமத்த முடியாது. மாறாக டெக்சாஸிலும் வட கரோலினாவிலும் ஆசிரியர் சங்கம் மாவட்டத்துடன் கூட்டுப்பேரம் நடத்துவதையே சட்டம் தடுக்கிறது. அங்கே எல்லாம் மாவட்டத்தை நடத்தும் பள்ளி வாரியத்தின் மனத்தைப் பொறுத்தது.

தனி ஊதியம் இல்லாத இடத்தில் நடப்பது என்ன என்பது ஊகிக்கக்கூடியதே. மன்றம் நின்றுபோவதில்லை, பெயரளவுக்கு நடக்கும். உறுப்பினர் கட்டணம் கட்டப்படும், ஆண்டு மலரில் படம் வரும், வட்டாரப் போட்டிக்கு மேல் யாரும் போகமாட்டார்கள். அல்லது தன்னை வருத்திக்கொள்ளும் ஒருவர் அதைப் பெரிதாக வளர்ப்பார். அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் ஓய்வு பெற்றுவிடும். எனவே இந்த வழி மலிவானது என்று சொல்வதைவிட, செலவை மறைத்து வைப்பது என்று சொல்வதே சரி.

இரண்டாவது வழியான மதிப்பூதியம்தான் பரவலானது. கூட்டுப்பேர ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் கூடுதல் பணி அட்டவணை என்று ஒன்று இருக்கும். அதில் இளநிலைப் பட்டத்துடன் புதிதாகச் சேரும் ஆசிரியரின் தொடக்கச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் எழுதியிருப்பார்கள். டாலரில் எழுதுவதைவிடச் சதவீதத்தில் எழுதுவது பல மடங்கு மேலானது. சம்பளம் உயரும்போது இதுவும் தானாக உயரும். டாலரில் எழுதப்பட்ட தொகையை யாரும் திரும்பிப் பார்க்காமல் பல ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒவ்வொரு மாவட்டமும் தன் எண்களை இட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கச் சம்பளம் 45,000 டாலர், மன்றப் பொறுப்புக்கு 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,800 டாலர். இப்போது நேரம்: வாரம் இரண்டு மணி நேரக் கூட்டம் 34 வாரங்களுக்கு 68 மணி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 16 வாரங்கள் வாரம் நான்கு மணி போட்டிப் பயிற்சி 64 மணி, வட்டாரப் போட்டிச் சனிக்கிழமை 12 மணி, மாநிலப் போட்டியின் மூன்று நாட்களில் பள்ளி நேரம் போக நாளுக்குப் பத்து மணியாக 30 மணி, ஜூன் மாதத் தேசியப் போட்டி ஆறு நாட்களுக்கு நாளுக்குப் பன்னிரண்டாக 72 மணி. கூட்டினால் 246. அனுமதிப் படிவம், மருத்துவக் குறிப்பு, விடுதி முன்பதிவு, நிதி திரட்டலின் வரவு செலவு இவை அனைத்துக்கும் நான்கே மணி நேரம் என்று நம்ப முடியாத அளவுக்குக் குறைத்து வைத்தால்கூட 250 ஆகிறது. மணிக்கு 7 டாலர் 20 சென்ட். 2009 முதல் மாறாமல் இருக்கும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 7 டாலர் 25 சென்ட். மேலே சொன்ன விலக்கினால் இது சட்ட மீறல் ஆகாது. ஆனால் அந்த ஆசிரியரின் மாணவர் மாலையில் பர்கர் கடையில் நின்றாலே இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பார் என்பதை வாரியத்தில் யாராவது சொல்லியாக வேண்டும்.

மதிப்பூதியத்தின் நல்ல பக்கத்தையும் மறுக்கக் கூடாது. நிர்வாகத்துக்கு எளிது, செலவு முன்கூட்டியே தெரியும், பொறுப்பைக் கைமாற்றினால் தொகையும் கூடவே போகும். பணி ஒப்பந்தத்திலிருந்து பிரிந்து நிற்பதால், மன்றம் வேண்டாம் என்று ஒதுங்கும் ஆசிரியரின் வேலைக்குப் பல இடங்களில் ஆபத்து வராது. இது வழக்கமான சம்பளமாகவே வரிக்கு உட்படும். சொந்தக் காரில் போன செலவை உரிய கணக்குடன் ஈடுசெய்தால் அந்தத் தொகைக்கு வரி கிடையாது. ஆகவே பயணச் செலவை மதிப்பூதியத்துக்குள் அடக்கித் தரும் மாவட்டம் ஆசிரியருக்கு வரிச் சுமையையும் சேர்த்தே தருகிறது. இரண்டையும் பிரித்து வைப்பதற்குக் கூடுதல் செலவே இல்லை. அப்படியும் பல இடங்களில் செய்வதில்லை.

ஒரே அளவுத் தொகையின் அநீதியைச் சரிசெய்யப் படிநிலை முறை வருகிறது. பதினைந்து பேர் கொண்ட கிளைக்கும் நூற்றைம்பது பேர் கொண்ட கிளைக்கும் ஒரே தொகை எப்படி நியாயம் என்ற கேள்வி சரியானதுதான். ஆனால் எதை வைத்துப் படி பிரிப்பது என்பதில் கண்ணி இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கையை வைத்தால், அக்டோபரில் கட்டணம் கட்டி நவம்பரில் காணாமல் போகும் உறுப்பினர்கள் பெருகுவார்கள். தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுவதை வைத்தால், ஆசிரியர் ஏற்கெனவே திறமையாக இருக்கும் நான்கு பேரிடம் எல்லா நேரத்தையும் செலவிட்டுவிடுவார். தயங்கி நிற்கும் மாணவிக்கு மேடைப் பேச்சைப் பழக்குவதற்குத்தான் மன்றம் என்ற நோக்கம் அடிபடும். இரண்டையும்விட, செய்த வேலையை வைத்துப் பிரிப்பதே குறைந்த தீங்குள்ளது: மாதக் கூட்டம், சமூகப் பணி, வட்டாரப் போட்டி வரை நடத்தினால் ஒரு படி, இரவு தங்கும் பயணம் சேர்ந்தால் அடுத்த படி. வென்றார்களா என்பது படியில் வரக் கூடாது. பெரிய கிளைக்கு ஒருவருக்கே கூடுதல் தொகை தருவதைவிட, இரண்டாவது பொறுப்பாசிரியரை நியமித்து அவருக்கும் தருவது பல நேரங்களில் நல்லது. மாணவரும் மாணவியரும் சேர்ந்து இரவு தங்கும் பயணத்தில் பெரியவர் ஒருவர் மட்டும் போவதை எந்தப் பொறுப்புள்ள தலைமையாசிரியரும் அனுமதிக்கமாட்டார். அந்த இரண்டாமவர் இன்று பெரும்பாலும் நட்புக்காக வருகிறார்.

நான்காவது வழியான பணிநாள் நீட்டிப்பில்தான் கணக்கு மாறுகிறது. ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தைப் பணிநாட்களால் வகுத்து, அதே தினசரி விகிதத்தில் கூடுதல் நாட்களைத் தருவது இது. 60,000 டாலர் சம்பளம், 187 நாட்கள் என்றால் நாளுக்குச் சுமார் 321 டாலர். தேசியப் போட்டிக்கான ஆறு நாட்களுக்கு ஏறத்தாழ 1,925 டாலர். அனுபவமுள்ளவருக்குக் கூடுதலாகவும் புதியவருக்குக் குறைவாகவும் கிடைக்கும். இதைச் சிலர் குறை என்பார்கள், ஆனால் மற்ற எல்லாப் பணிநாட்களுக்கும் அதுதான் விதி. ஓய்வூதியக் கணக்கில் சேர்வதும் இந்த வடிவத்தில் எளிது. மதிப்பூதியம் ஓய்வூதியத்துக்குச் சேருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒப்பந்தத்தின் பகுதியான நாளுக்குத் தரும் சம்பளம் சம்பளம்தான் என்பதில் வாதத்துக்கு இடம் குறைவு. ஜார்ஜியா மாநிலம் விவசாய ஆசிரியர்களுக்கு நீட்டித்த நாள், நீட்டித்த ஆண்டு என்ற இரண்டு தலைப்புகளில் மாநில நிதியே ஒதுக்கி இம்முறையை நடத்துகிறது.

இதன் பலவீனம் நாட்காட்டியில் இருக்கிறது. ஸ்கில்ஸ்யுஎஸ்ஏ, ஹோசா, டிஎஸ்ஏ ஆகியவற்றின் தேசியப் போட்டிகள் ஜூன் மாத வாக்கில், பள்ளி மூடிய பிறகு வருகின்றன. அவற்றுக்கு நாள் நீட்டிப்பு அளந்து தைத்த சட்டைபோலப் பொருந்தும். டெக்காவின் பெரிய மாநாடோ ஏப்ரலில் பள்ளி நடக்கும்போதே வருகிறது. எஃப்.எஃப்.ஏ.வின் இண்டியானாபொலிஸ் மாநாடு இலையுதிர் காலத்தில். இந்த நாட்களுக்குச் சம்பளம் ஏற்கெனவே உண்டு. இல்லாதது இரவுகளுக்கும் வாரயிறுதிகளுக்கும்தான். ஆகவே எல்லா மன்றங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் நாட்களைத் தந்தால் ஹோசா ஆசிரியருக்குப் போதாமலும் டெக்கா ஆசிரியருக்குப் பொருந்தாமலும் போகும். இன்னொன்று: மாணவர் தகுதி பெற்றால்தான் நாட்கள் என்று எழுதினால், வெற்றிக்குக் கூலி என்ற பழைய கண்ணியில் மீண்டும் விழுகிறோம். நாட்களை உறுதியாகத் தந்துவிட்டு, தேசியப் போட்டிக்குப் போகாத ஆண்டில் அவற்றை மாணவ நிர்வாகிகளின் பயிற்சிக்கும், தொழிலகங்களைப் பார்த்து வருவதற்கும், பணிமனைக் கருவிகளைச் சீர்செய்வதற்கும் செலவிடச் சொல்வதே முறை. அதற்கு ஒரு பக்கத்தில் பணித்திட்டம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

ஐந்தாவதான பாடவேளை விடுவிப்பு கவர்ச்சியானது, விலை உயர்ந்தது. நாளுக்கு ஆறு வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு ஒன்றைக் குறைத்தால், 60,000 டாலர் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10,000 டாலர், அதற்கு மேல் காப்பீடும் மற்றவையும். அதைவிட முக்கியமானது, தொழிற்கல்வியில் ஒரு வகுப்பு குறைவது என்பது வெல்டிங் கூடத்தில் இருபது மாணவருக்கு இடமில்லாமல் போவது. மாற்று ஆசிரியர் கிடைப்பது எந்த மாவட்டத்திலும் எளிதாக இல்லை. பகல் நேரம் கிடைத்துவிட்டால் இரவும் வாரயிறுதியும் குறைந்துவிடும் என்பதும் இல்லை. போட்டி சனிக்கிழமைதான் நடக்கும். இரண்டே இடங்களில் இது தகும். ஒன்று, மாணவர்களின் பண்ணைகளையும் செயல்திட்டங்களையும் பகலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விவசாய ஆசிரியர். மற்றொன்று, நூறு பேருக்கு மேல் உள்ள கிளையை நடத்தி, பெரிய தொகை நிதி திரட்டி, அதற்குத் தணிக்கைக்கு உட்பட்ட கணக்கும் வைக்க வேண்டியவர்.

பணம் எங்கிருந்து என்ற கேள்வியில் பலரும் முதலில் கை காட்டுவது, தொழிற்கல்விக்கு மத்திய அரசு தரும் பெர்கின்ஸ் நிதியை. 2018 ஜூலையில் கையெழுத்தான ஐந்தாம் பெர்கின்ஸ் சட்டம், மாவட்டங்கள் தம் நிதியைச் செலவிடக்கூடிய இனங்களில் மாணவர் மன்றங்களுக்கான ஆதரவையும் திறன் போட்டிகளுக்கான தயாரிப்பையும் வெளிப்படையாகவே சொல்கிறது. அதை நம்பி மதிப்பூதியம் முழுவதையும் அங்கே மாற்றிவிடுவதில் இரண்டு தடைகள் உள்ளன. மத்திய நிதி உள்ளூர் நிதிக்கு மேல் சேர வேண்டுமே தவிர அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் கூறுகிறது. போன ஆண்டு உள்ளூர் வரிப்பணத்தில் கொடுத்த மதிப்பூதியத்தை இந்த ஆண்டு பெர்கின்ஸில் எழுதினால் தணிக்கையில் அதுவே முதல் கேள்வியாக வரும். அடுத்து, மத்திய நிதியில் சம்பளம் தந்தால் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். ஆசிரியருக்கு இன்னொரு படிவம். சிறிய மாவட்டங்களுக்கு வேறு சங்கடமும் உண்டு: ஒதுக்கீடு 15,000 டாலருக்குக் குறைந்தால் பொதுவாக அவை பிற மாவட்டங்களுடன் கூட்டு சேர்ந்துதான் அந்த நிதியைப் பெற முடியும், பிறகு ஒரு பள்ளியின் பொறுப்பாசிரியருக்கு என்று தனியே பிரிப்பது கடினம். புதிதாகத் தொடங்கும் மன்றத்துக்கு முதல் ஓரிரு ஆண்டுகள் மாநில வழிகாட்டுதலைப் பார்த்துப் பெர்கின்ஸைப் பயன்படுத்தலாம். நிலையான ஊதியத்தை அதன் மேல் கட்டுவது கூடாது. பெற்றோர் ஆதரவுச் சங்கம் ஆசிரியர் கையில் நேரடியாகக் காசோலை கொடுப்பது இன்னும் மோசம். அந்தப் பணம் மாவட்டத்தின் சம்பளப் பட்டியல் வழியாகத்தான் வர வேண்டும்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின், நான்கு மன்றங்கள் உள்ள ஒரு நடுத்தர உயர்நிலைப் பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதும் நான்காவதும் கலந்த வழியை. பள்ளி மூடிய பின் வரும் நாட்களை நாளாகவே எண்ணித் தினசரி விகிதத்தில் தருவது; மாலை, இரவு, சனிக்கிழமை ஆகியவற்றுக்குச் சதவீத மதிப்பூதியம் தருவது. முன் போட்ட கணக்கில் தேசியப் போட்டியின் 72 மணியைக் கழித்தால் மிச்சம் 178 மணி. 4 சதவீதத்தில் அது மணிக்குப் பத்து டாலர்தான் ஆகிறது. 6 சதவீதம், அதாவது 2,700 டாலர் என்று வைத்தால் பதினைந்து டாலரைத் தாண்டும். ஆறு நாட்களுக்கான 1,925 டாலரைச் சேர்த்தால் ஒருவருக்கு 4,625, நான்கு பேருக்கு 18,500 டாலர். நால்வருக்கும் பாடவேளை விடுவித்தால் ஆகும் 40,000 டாலரில் இது பாதிக்கும் குறைவு, வகுப்பும் குறையவில்லை. ஏப்ரலிலேயே மாநாடு முடிந்துவிடும் டெக்கா ஆசிரியருக்கு ஆறு நாட்களுக்குப் பதில் மூன்றே நாட்களும், இரவுப் பயணத்துக்கான மேல் படியும் தரலாம். ஏற்கெனவே 226 நாள் ஒப்பந்தத்தில் இருக்கும் விவசாய ஆசிரியருக்கு நாட்களை மறுபடி கூட்ட வேண்டியதில்லை. ஆனால் நீண்ட ஒப்பந்தம் இருக்கிறதே என்று அவருடைய சனிக்கிழமைகளை இலவசமாக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. அவருக்கும் மதிப்பூதியம் உண்டு.

ஒப்பந்தத்தில் எழுதும்போது இரண்டு சிறு விவரங்கள் விட்டுப்போகக் கூடாது. தொகையை ஜூன் மாத இறுதியில் ஒரே தவணையாகத் தரும் வழக்கம் பல மாவட்டங்களில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து தன் அட்டையில் விடுதிக்கும் பேருந்துக்கும் முன்பணம் கட்டும் ஆசிரியருக்கு அது மிகத் தாமதம். பாதியை டிசம்பரிலும் மீதியை ஜூனிலும் தருவதோடு, முன்பணத்துக்கு மாவட்டத்தின் அட்டையையே கொடுத்துவிட வேண்டும். மற்றது, ஆண்டு நடுவில் பொறுப்பு கைமாறினால் மாதங்களை எண்ணித் தொகையைப் பிரிப்பது தவறு. வேலையின் பெரும்பகுதி ஜனவரிக்குப் பின் வருவதால், பிப்ரவரியில் பொறுப்பேற்று மாநிலப் போட்டிக்கும் தேசியப் போட்டிக்கும் மாணவரை அழைத்துச் செல்பவருக்குப் பாதிக்கு மேல் சேர வேண்டும். மாநிலப் போட்டி முடிந்த நாளில் யார் பொறுப்பில் இருந்தாரோ அவருக்கு இரண்டாவது தவணை முழுவதும் என்று எழுதிவிட்டால், அதைப் பற்றி ஆண்டுதோறும் பேச வேண்டிய அவசியம் வராது.